பூனக்குட்டி வர முந்தி எத கடையில வாங்குறது, எத வீட்லயே செஞ்சிக்கிறது

சித்தி மக போன கெழம வாட்ஸ்அப்ல ஒரு லிஸ்ட் அனுப்பிருந்தா. "அக்கா, பூனக்குட்டி ஒன்னு கொண்டாரப் போறோம், இதெல்லாம் வாங்கணுமாம், பத்தாந்தேதி சம்பளத்துல எத வாங்க எத விட"ன்னு கேட்டுருந்தா. தொறந்து பாத்தா மெத்த வச்ச பெட், மூடி போட்ட டொய்லட், கட்டியாகுற மணல், கரண்ட்ல ஓடுற தண்ணி ஃபவுண்டன், மூனு தட்டுக் கோபுரம், அதுக்கு கீழ இன்னும் பதினாலு சாமான். கொழும்புல ஃப்ளாட்ல இருக்குற யாருக்கோ போட்ட லிஸ்ட்டு. தப்புன்னு சொல்ல மாட்டேன், ஆனா இவ இருக்குறது தலவாக்கல பக்கம் தேயிலத் தோட்டத்து லயத்துல, ரெண்டு காம்பரா (ரூம்), முன்னுக்கு இஸ்தோப்பு (திண்ண), பின்னுக்கு வெறகடுப்பு, மழ புடிச்சிச்சின்னா போட்ட உடுப்பு நாலு நாளைக்கு காயாது.

நான் ஹட்டன் பக்கம், இப்ப வீட்ல இருக்குறது மூனாவது பூன, பேரு கங்காணி, ஏன்னா காலைல எந்திரிச்சதும் லயத்துல பத்து வீட்டு வாசலையும் ஒரு சுத்து பாத்துட்டுத்தான் சாப்புட வரும். மொத ரெண்டு பூனைக்கும் தேவயில்லாதது வாங்கி காசு போனது, தேவயானத வாங்காம அவதிப்பட்டது எல்லாம் நடந்துருக்கு, அதனால அவளுக்கு வொய்ஸ்ல சொன்னத இங்க எழுதி வைக்கிறேன், வேற யாருக்காச்சும் உதவும். மலையில சாமான் எடுக்குறப்ப நான் மொதல்ல கேக்குற கேள்வி இது ஈரத்துல தாங்குமா, காயுமா, அதுக்குப் பெறகுதான் வெல.

மொதல்ல தூக்கிட்டு வர்ற கேரியர். இதுலதான் நான் மொத பூனைக்கு கோட்ட விட்டேன். கேரியருக்கு என்னத்துக்கு காசுன்னுட்டு பிஸ்கட் பொட்டி ஒன்னுல ஓட்ட போட்டு, மேல டேப் ஒட்டி, பஸ்ல வச்சிக்கிட்டு வந்தேன், வழியில குட்டி உள்ளுக்கு மூத்திரம் போயிருச்சி, மழையும் புடிச்சிக்கிச்சி, டவுன்ல எறங்குற நேரம் பொட்டியோட அடி அப்படியே கழண்டுச்சி. குட்டி பஸ்ஸுக்கு கீழ பாஞ்சி, அங்கருந்து மரக்கறி கடைக்குள்ள பூந்து, லீக்ஸ் மூட்டைக்கு பின்னால இருந்து புடிச்சி எடுக்க ரெண்டு மணித்தியாலம் ஆச்சி. கடக்காரண்ணன் ஏசாம ஒதவி செஞ்சாரு, அது அவரு நல்ல மனசு.

அப்ப என்னென்ன வழி இருக்குன்னு பாத்தா, துணி பேக் மாதிரி வர்ற கேரியர் ஒன்னு, பாக்க வடிவா இருக்கும், தோள்ல போட்டுக்கலாம், ஆனா ஒரு தடவ நனஞ்சா காய மூனு நாள், உள்ளுக்கு மூத்திர வாட போகவே போகாது, ஸிப்ப மூக்கால தள்ளி தொறக்குற பூனயும் இருக்கு. இன்னொன்னு நம்ம ஆளுங்க செய்யிறது, மரக்கறி அடுக்குற பிளாஸ்டிக் கூட ரெண்ட மூஞ்சிக்கு மூஞ்சி கவுத்து கேபிள் டை போட்டு கட்டுறது, பெரிய பூனய ஒரு நாள் கொண்டு போய் வர அது தாராளமா போதும், கழுவலாம், காத்து போகும், மேல ஒரு டவல போத்தினா குளிரும் அடிக்காது, ஆனா ரெண்டு மாசக் குட்டிக்கு அந்தக் கைபுடி ஓட்டையில தல மாட்டும். மூனாவது கட்டி பிளாஸ்டிக் கேரியர், முன்னுக்கு கம்பிக் கதவு, மேல் பாதி கழட்டுற மாதிரி. வெல கூடத்தான். ஆனா அந்த மேல் பாதி கழண்டு வர்றதுலதான் சங்கதியே இருக்கு, மிருக வைத்தியர்கிட்ட போனா பூனய வெளிய இழுக்காம மூடிய மட்டும் எடுத்துட்டு உள்ளுக்கே வச்சி பாத்துருவாங்க. வீட்லயும் கதவ தொறந்து ஒரு மூலைல போட்டு வச்சா அதுவே படுக்கையாயிரும், பெறகு ஊசிக்கு தூக்குற அன்னைக்கு அடம் புடிக்காது. எனக்கு கேட்டா காசு போட்டு வாங்க வேண்டிய மொத சாமான் இது, குட்டி அளவுக்கு வாங்காம நாலஞ்சி கிலோ பூன எந்திரிச்சி நின்னு திரும்புற அளவுக்கு வாங்கணும்.

அடுத்தது மணல், இது பெரிய கத. கடையில விக்கிறது பெரும்பாலும் பெண்டனைட்னு ஒரு களிமண்ணு, ஈரம் பட்டா உருண்டயா கட்டிக்கும், அந்த உருண்டய மட்டும் கரண்டியால அள்ளி எறிஞ்சா மிச்சம் சுத்தமா இருக்கும். வாடைக்கு இத மிஞ்ச வேற இல்ல, இத நான் ஒத்துக்கிறேன். ஆனா மூனு விசயம். ஒன்னு காசு, நான் கடைசியா சின்ன பேக் வாங்கினப்ப ஒரு நாள் பேருக்கு, அதான் ஒரு நாள் சம்பளத்துக்கு, கிட்ட போச்சி, தோட்டத்துல நாள் சம்பளம் 1350னு 2024ல ஆக்கினப்பறம் கூட ஒரு நாள் மல ஏறி எறங்குன காச பூன மூத்திரத்துக்கு கொட்டுறோமேன்னு மனசு கேக்காது. ரெண்டாவது, பேக்க தொறந்து வச்சா நம்ம பனி மூட்டத்துலயே அது ஈரத்த இழுத்து தானா கட்டி புடிச்சிக்கும், மூடி இறுக்கமான வாளியில கொட்டி வைக்கணும். மூனாவதுதான் முக்கியம், சின்னக் குட்டிங்க எத பாத்தாலும் வாயில போட்டு பாக்கும், இந்த மணல் வயித்துக்குள்ள போனாலும் அதே மாதிரி ஊதி கட்டிக்கும், கொடல் அடச்சிக்கலாம். அதனால மூனு நாலு மாசம் வரைக்கும் கட்டியாகுற மணல் வேணாம். இன்னொன்னு, இத கக்கூஸ்ல கொட்டிறாதீங்க, பைப் அடச்சிக்கும்.

ஆச்சி காலத்து வழி அடுப்புச் சாம்பல். வாடைய நல்லா இழுக்கும், சும்மா கெடைக்குது, அது சரி. ஆனா சாம்பல் தண்ணியோட சேந்தா காரம், அந்தக் காலத்துல சட்டி கழுவுனதே அந்தக் காரத்துக்குத்தான், ஈரச் சாம்பல்ல நின்ன கால பூன நக்குது, வெரலுக்கு நடுவ சிவந்து போகும், நாக்கும் புண்ணாகும், சாம்பலுக்குள்ள தணலு இருந்தா அது வேற. ஆத்து மணலும் பாத்தேன், தூக்கவே முடியாத பாரம், நனஞ்சா காயாது, இஸ்தோப்புல வச்சா லயத்துல இருக்குற எல்லாப் பூனயும் வந்து நம்ம பேசின்லயே போகும். தேயில மலையில அள்ளின மண்ணும் அப்படித்தான், ஏற்கெனவே எந்தப் பூன போயிருக்கோ, பூச்சி முட்டையெல்லாம் அதுல வரும்.

கடைசியா நான் நின்னது மரத்தூள்ல. பலக சீவுற மடுவத்துல சாக்கு ஒன்னு கொண்டு போனா அள்ளிக்க சொல்லுவாங்க, தேத்தண்ணி காசு குடுத்தா போதும். ஆனா எல்லாத் தூளும் ஆகாது. டர்பன்டைன் மரத்துத் தூள் வேணவே வேணாம், யூகலிப்டஸத்தான் நம்ம பக்கம் அப்படி சொல்றது, யூகலிப்டஸ் தைலம் பூனைக்கு வெஷம், பூனையோட ஈரல் அந்த மாதிரி தைலத்த ஒடச்சி வெளியேத்துறதுல ரொம்ப வீக். பூச்சி மருந்து அடிச்ச பலக, வார்னிஷ் போட்ட பலக சீவுனதும் வேணாம். சவுக்கு, அல்பீசியா மாதிரி வாட கம்மியானதா கேட்டு வாங்கணும், அதுலயும் மாவு மாதிரி தூள் இல்லாம கொஞ்சம் சொரசொரப்பா சுருளா இருக்குறது, மாவுத் தூள் மூக்குக்குள்ள போய் தும்மிக்கிட்டே இருக்கும். கொண்டாந்து அடுப்புப் பக்கமா ரெண்டு நாள் காய வச்சி சாக்குல கட்டி வச்சிக்கணும், இல்லாட்டி பூஞ்சணம் புடிக்கும். கொற என்னன்னா கால்ல ஒட்டிக்கிட்டு வீடு பூரா வரும், நாளைக்கு ரெண்டு தடவ கூட்டணும். அத நான் பொறுத்துக்கிறேன். நாலு மாசத்துக்கு பெறகு காசு இருக்குறவங்க பெண்டனைட்டுக்கு மாறலாம், நான் மாறல.

அந்த மூடி போட்ட டொய்லட் தேவயே இல்ல, நம்ம குளிருல உள்ளுக்கு ஈரமும் வாடையும் தங்கும், நமக்கு வாட தெரியாததால கழுவவும் மாட்டோம், பூனைக்குத்தான் மூக்கு எரியும். பிளாஸ்டிக் பேசின் ஒன்னு, குட்டிக்கு ஏற லேசா இருக்கணும் அதனால ஓரம் மூனு அங்குலத்துக்கு மேல வேணாம், தூள் அதுல பாதி வரைக்கும் கொட்டுனா போதும். சாப்பாடு வைக்கிற எடத்துலருந்து தள்ளி வைக்கணும், தின்ற எடத்துல பூன போகாது. வீட்ல புள்ளத்தாச்சி இருந்தா அள்ளுற வேலய வேற ஆள் செய்யட்டும், பீயில டொக்ஸோப்ளாஸ்மான்னு ஒரு கிருமி வரலாம், அது வெளிய வந்து ஒரு நாளாவது போனாத்தான் தொத்துற நெலமைக்கு வரும், அதனால தெனமும் அள்ளிட்டா பயம் கொறயும். இதுக்காக பூனயவே வீட்ட விட்டு தொரத்த சொல்ற பக்கத்து வீட்டு ஆச்சிங்க பேச்ச கேக்க வேணாம், தோட்டத்துல மண்ணு கிண்டி கையக் கழுவாம சாப்புடுறதுலயும் அதே கிருமி வரும்.

சாப்பாட்டுக்கு வருவோம். அவ லிஸ்ட்ல ட்ரை பேக்கட்டும் சஷேயும் (ஈரமா வர்ற சின்ன பேக்கட்) ரெண்டும் இருந்திச்சி, அவங்க மாமி சொல்றாங்களாம் "பூனைக்கு எதுக்கு தனியா வாங்கணும், சோத்துல கருவாட்டுத் தண்ணி ஊத்தி போட்டா திங்காதா"ன்னு. திங்கும், திங்காம என்ன. ஆனா பூன நாய் மாதிரி இல்ல, அது எறச்சி தின்னே வாழுற சாதி, டாரின்னு ஒரு சத்து அதோட ஒடம்புல போதுமான அளவு ஊறாது, எறச்சி மீன்லருந்துதான் வரணும், சோத்துல துளியும் இல்ல. அது கொறஞ்சா கண்ணு போகும், இதயம் பெருத்து வீங்கும், டாரின் கொறவுதான் அந்த இதய நோய்க்கு காரணம்னு 1987லதான் கண்டு புடிச்சாங்க, அதுக்குப் பெறகு பூனச் சாப்பாடு செய்யிற கம்பனியெல்லாம் அத கூட்டிப் போட ஆரம்பிச்சாங்க. அதனால பேக்கட் சாப்பாடு பணக்காரத்தனம்னு நெனைக்க வேணாம். கருவாட்ல உப்பு கூட, டின் மீன்லயும் உப்பு, தக்காளி சோஸ் டின் அதவிட மோசம். பச்ச மீன தெனமும் போட்டா அதுல இருக்குற ஒரு சாமான் B1 விட்டமின அழிச்சிரும், அவிச்சி போடணும்.

ட்ரை பேக்கட்டா சஷேயான்னா, குட்டிக்குன்னு எழுதிருக்குற ட்ரை பேக்கட்தான் அடிப்படைன்னு நான் வச்சிக்கிட்டேன், விஸ்காஸ் மீ-ஓ ரெண்டும் டவுன்ல கெடைக்குது, பெரிய பூனைக்கு உள்ளத குட்டிக்கு போடாதீங்க, ஒரு வயசு வரைக்கும் குட்டிச் சாப்பாடுதான். சஷேயில தண்ணி கூட, அது நல்லதுதான், பூன தண்ணி குடிக்கிறது கொறச்சல், நம்ம குளிருல இன்னும் கொறச்சல், ஆனா ஒரு நாளைக்கு ஒரு சஷே காணாது. நான் செய்யிறது ட்ரை சாப்பாட்டுல வெதுவெதுன்னு தண்ணி ஊத்தி பத்து நிமிசம் ஊற வச்சி குடுக்குறது, கெழமைக்கு ரெண்டு நாள் உப்பு போடாம அவிச்ச கோழி இல்லாட்டி மீனு முள்ளெடுத்து. நெத்தலியும் குடுக்கலாம், மூனு தண்ணியில கழுவி ஊற வச்சி ருசிக்கு நாலஞ்சி. நாலு மாசம் வரைக்கும் நாளைக்கு நாலு தடவ கொஞ்சம் கொஞ்சமா. பேக்கட்ட தொறந்தா அப்படியே வைக்காதீங்க, ஒரு கெழமைல மெத்து மெத்துன்னு ஆயி பூஞ்சணம் புடிக்கும், அந்தப் பூஞ்சணம் ஈரல சாப்புட்ரும். பெரிய பேக்கட் லாபம்னு நானும் ஒருக்கா வாங்கி பாதிய குப்பையில கொட்டுனேன், சின்ன பேக்கட் வாங்கி பால்மா டின்னுல இறுக்க மூடி வைங்க.

பால் குடுக்குறது பத்தி ஒரு வார்த்த. பூனன்னா பாலுன்னு நம்ம மண்டையில ஏறிருச்சி, ஆனா தாய்ப்பால் மறந்த குட்டிக்கு பசும்பால் செமிக்காது, கழியும், பால்மா கரச்சதும் அதே கததான். குளிருல கழிச்சல் புடிச்ச குட்டி ஒரே நாள்ல சோந்து போகும். பீலித் தண்ணி, அதான் லயத்துக்கு வர்ற கொழாத் தண்ணி, போதும், அடுப்போரம் கொஞ்ச நேரம் வச்சி சில்லுன்னு இல்லாம குடுங்க. அந்த ஃபவுண்டன், கரண்ட் அடிக்கடி போற எடத்துல, வேணாம். கோப்ப மட்டும் சில்வரோ பீங்கானோ எடுங்க, பிளாஸ்டிக்ல கீறல் விழுந்து கிருமி தங்கி சில பூனைக்கு நாடியில பரு மாதிரி வரும்.

படுக்க. இதுக்கு ஒரு சதமும் செலவழிக்காதீங்கன்னு சொல்லத்தான் நெனச்சேன், பெறகு யோசிச்சா நம்ம குளிருக்கு கொஞ்சம் சொல்ல இருக்கு. நுவரெலியா 1868 மீட்டர்ல இருக்கு, தை மாசத்துல பனி கொட்டி புல்லு வெள்ளையாயிருது, தலவாக்கல அதவிட கீழதான்னாலும் ராவுல குட்டி நடுங்கும். கடையில விக்கிற பஞ்சு பெட் நல்லாத்தான் இருக்கு, ஆனா கழுவுனா பஞ்சு உள்ளுக்கு காயாம நாறும். கார்ட்போர்ட் பொட்டி ஒன்ன பக்கவாட்டுல வச்சி, செமந்துத் தரையில படாம கீழ ரெண்டு பலக வச்சி, உள்ளுக்கு பழைய கம்பளிய மடிச்சி போட்டா கடை பெட்ட விட சூடு நிக்கும், பொட்டி நனஞ்சா எறிஞ்சிட்டு வேற எடுத்துக்கலாம். மொத கெழம ராவுல சோடா போத்தல்ல வெதுவெதுப்பான தண்ணி ஊத்தி துணி சுத்தி ஒரு பக்கமா வைங்க, சூடு கூடினா குட்டி நகந்துக்க எடம் இருக்கணும்.

இதுல ஒரு பயமும் இருக்கு. வீட்ல சமைக்க ஒன்னுமில்லன்னா அடுப்புல பூன தூங்குதுன்னு சொல்லுவாங்கல்ல, நம்ம வீடுகள்ல சமைச்சாலும் சமைக்காட்டியும் நெசமாவே அடுப்புலதான் தூங்கும், சூட்டுக்கு. கங்காணிக்கு மீச பாதி கருகினது அப்படித்தான். ராவுல அடுப்பு வாயில பழைய தகரம் ஒன்ன சாத்தி வைங்க, காலைல மிலாறு (வெறகுக் குச்சி) வைக்க முந்தி உள்ளுக்கு குனிஞ்சி பாருங்க.

நகம் கீற்ற கட்டைக்கு கடையில சின்னதா விக்கிறாங்க, அது முழங்கால் உயரம் கூட இல்ல, லேசா ஆடும், ஆடுனா பூன திரும்பி பாக்காது. பெரிய பூன முழுசா ஒடம்ப இழுத்து கீற்றணும்னா ரெண்டரையிலருந்து மூனடி உயரம் வேணும். கெளப்பி எறிஞ்ச பழைய தேயில மரத்துக் கட்ட ஒன்னு எடுத்து, மண்ணு பூச்சி இல்லாம சுரண்டி காய வச்சி, தும்புக் கயிற நெருக்கமா சுத்தி, தூணோட சேத்து கட்டிட்டேன், மூனு வருசமா நிக்குது. கோபுரமெல்லாம் அதுக்கு கூரத்தகரத்துக்கு கீழ இருக்குற வளையே போதும். வெளையாட்டுச் சாமானுக்கு காசு வேணாம், கடதாசி உருண்ட போதும், நூல் ஊசி ரப்பர் பேண்ட் மட்டும் கண்ணுல படாம வைங்க, நூல முழுங்குனா கொடல வெட்டிரும்.

மிச்சம் புடிச்ச காச எங்க வைக்கணும்னா ஊசிக்கு. பூச்சி மருந்து மொதல்ல, பெறகு எட்டு கெழமைல மூனு நோய்க்கு சேத்து போடுற ஊசி, மூனு நாலு கெழமைக்கு ஒருக்கா பதினாறு கெழம வரைக்கும், மூனு மாசம் தாண்டுனா விசர் நோய்க்கு ஊசி. அரசாங்க மிருக வைத்தியர் ஒஃபிஸ்ல மொதல்ல கேளுங்க, எந்த நாளு எந்த மருந்து இருக்குன்னு போன் பண்ணிட்டு போனா பஸ் காசு மிச்சம். டவுன் பிரைவேட் கிளினிக்ல நேரம் லேசு, காசு கூட. பெருசா ஏதும்னா பேராதனை கெம்பஸ் மிருக ஆஸ்பத்திரி இருக்கு, ஆனா நம்ம பக்கத்துலருந்து போக வர ஒரு நாள் பேர் போயிரும், அதனால குட்டி நல்லா இருக்குறப்பவே கிட்ட இருக்குற எடத்த தெரிஞ்சி வைங்க. அஞ்சாறு மாசத்துல குட்டி போடாம இருக்க ஒப்பரேசன், அதுக்கும் இப்பருந்தே கொஞ்சம் ஒதுக்கணும். ஊசி போடாத பூன பிராண்டினா கடிச்சா சவுக்காரம் போட்டு பதினஞ்சி நிமிசம் ஓடுற தண்ணியில கழுவிட்டு ஆஸ்பத்திரிக்கு போங்க, மஞ்சள் பூசிட்டு இருக்க வேணாம்.

வாங்குறத விட எடுத்து ஒளிக்கிறதும் இருக்கு. காய்ச்சல்னு பூனைக்கு பெனடோல் (பரசிட்டமோல்) குடுத்தா செத்துரும், கால் துண்டு குடுத்தாலும் ஆபத்து, அதோட ரத்தமே கெட்டுப் போகும். நாய்க்கு தெள்ளுக்கு விக்கிற சில மருந்துல பெர்மெத்ரின் இருக்கு, அதுவும் அப்படித்தான். தைலம், பாம், கற்பூரம் எல்லாம் எட்டாத எடத்துல. வாசல்ல லில்லிப் பூ வச்சிருந்தா, நுவரெலியா பக்கம் எல்லா வீட்லயும் பூந்தோட்டம்தானே, அத எடுத்துருங்க, அதோட மகரந்தம் நக்குனாலே பூனைக்கு கிட்னி போயிரும். மலைக்கும் மரக்கறித் தோட்டத்துக்கும் மருந்தடிக்கிற அன்னைக்கு உள்ளுக்கே வைங்க, கால்ல பட்டத நக்கும். ராவுலயும் கதவ சாத்தி உள்ளுக்குத்தான், நாயவே சிறுத்த தூக்கிட்டு போற எடத்துல இந்தக் குட்டி எம்மாத்திரம்.

அப்ப அவளுக்கு நான் போட்ட கணக்கு இது. காசு குடுத்து வாங்குறது கேரியர், குட்டிச் சாப்பாடு சின்ன பேக்கட் ஒன்னு, பேசின், ஊசிக் காசு. ஒன்லைன்ல கேரியர் கொஞ்சம் கொறச்சல், ஆனா தோட்டத்து அட்ரஸுக்கு டவுன் வரைக்கும்தான் கொண்டாருவாங்க, ஒடஞ்சி வந்தா திருப்பி அனுப்புறது பெரும்பாடு, அதனால டவுன்லயோ கண்டி போற யார்கிட்டயாவது சொல்லியோ கையில தட்டி பாத்து வாங்குங்கன்னு சொன்னேன். மத்ததெல்லாம் லயத்துலயே இருக்கு.

இன்னொன்னு சொல்ல மறந்துட்டேன்னு மறுபடி வொய்ஸ் போட்டேன். குட்டி எட்டு கெழமையாவது தாய்கிட்ட இருக்கட்டும், பன்னண்டு வரைக்கும் விட்டா இன்னும் நல்லது, சம்பளம் வந்துருச்சேன்னு முந்தி தூக்கிறாத. எடுக்க போற கெழமைக்கு முந்தியே ஒரு பழைய டவல அந்த வீட்டு ஆளுககிட்ட குடுத்து தாய்ப்பூன படுக்குற எடத்துல போட சொல்லு, வர்றப்ப அத கழுவாம அப்படியே கேரியருக்குள்ள போட்டு கொண்டா, மொத ரெண்டு ராவு அந்த வாடையிலதான் தூங்கும். டவல் இல்லன்னா கங்காணியோடது ஒன்னு கெடக்கு, நல்லா அவிச்சி காய வச்சி தாரேன், ஞாயித்துக்கெழம வந்து எடுத்துக்க.